பாடக்குறிப்பைப் பொதுவில் வைக்கத் துணை நிற்கும் சேவை: எடின்பரோ பல்கலைக்கழகத்தின் திறந்த கல்வி வளப் பிரிவு

கல்லூரி ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்திய பாடக்குறிப்பைப் பிற கல்லூரியினரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கத் தயங்கினால், அவருக்குக் கொடுக்க மனமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் அறிந்தவரை அந்தத் தயக்கத்தின் வேர் அச்சம்தான். இதை வெளியிட எனக்கு அதிகாரம் உண்டா, நிர்வாகம் விளக்கம் கேட்குமா, பாடநூலிலிருந்து எடுத்து ஒட்டிய படத்துக்காகப் பதிப்பகத்தார் நோட்டீஸ் அனுப்புவார்களா, குறிப்பில் உள்ள பிழையை யாராவது ஊரறிய எடுத்துக்காட்டினால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லாத இடத்தில், பகிருங்கள் என்று எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் கோப்புகள் அவரவர் பென் டிரைவிலேயே இருக்கும். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒரு பணிப்பிரிவு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் கொள்கை ஆவணத்தையும், வழிகாட்டிக் குறிப்புகளையும், அதன் துணையோடு வெளிவந்த பாடப்பொருள்களையும் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் கற்பிப்பவன் என்ற நிலையிலிருந்து படித்தும் பயன்படுத்தியும் எழுதும் மதிப்புரை இது.

திறந்த கல்வி வளம் என்பது இணையத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் எல்லாப் பாடத்தையும் குறிப்பதன்று. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, தம் மாணவர்க்கேற்ப வெட்டி ஒட்டி, மொழிபெயர்த்து, மீண்டும் வெளியிடலாம் என்று உரிமம் எழுதி வெளியிடப்பட்ட பாடப்பொருளையே அது குறிக்கும். 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய ஒரு கருத்தரங்கில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இது குறித்து உறுப்பு நாடுகளுக்கு ஒரு பரிந்துரையை ஏற்றபோது, அது குறிப்பிட்ட ஐந்து செயற்களங்களில் முதலாவதாக வைத்தது ஆசிரியர் முதலானோரின் திறனை வளர்ப்பதைத்தான். ஊக்கமளிக்கும் கொள்கைகளை வகுப்பது அதற்கு அடுத்து வருகிறது. எடின்பரோவில் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்பதுதான் இந்தச் சேவையை நான் உயர்வாக மதிப்பதற்கு முதற்காரணம்.

கொள்கை ஆவணத்திலிருந்து தொடங்குகிறேன். 2016இன் தொடக்கத்தில் பல்கலைக்கழக செனட்டின் கற்றல் கற்பித்தல் குழு ஏற்றுக்கொண்ட இந்த ஆவணம் சில பக்கங்களே கொண்டது. 2021இல் மறுபரிசீலனை செய்யப்பட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகம் முன்னரே எழுதி வைத்திருந்த ஒன்றைத் தழுவி எழுதப்பட்டதென்பதை மறைக்காமல் சொல்லி, தன்னையும் பிறர் தழுவிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் திறந்த கல்வி வளங்களைப் பயன்படுத்தவும் உருவாக்கவும் வெளியிடவும் பல்கலைக்கழகம் ஊக்குவிக்கிறது என்று அது சொல்கிறது. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வுக் கட்டுரைகளுக்கு இது பொருந்தாது. கற்பித்தலுக்கான பொருள்களுக்கு மட்டுமே.

இந்த ஆவணத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்த பகுதி, அனுமதி பற்றியது. வளங்களைப் பயன்படுத்துவதா வெளியிடுவதா என்று தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் துறைத்தலைவருக்கு உண்டு. ஆனால் அவர் மாறாக எதுவும் சொல்லாதவரை, அனுமதி இருப்பதாகவே கொள்ளப்படும். நம் நிறுவனங்களில் நடைமுறை இதற்கு நேரெதிர். அனுமதி என்று எழுத்தில் வராதவரை எதுவும் தடைசெய்யப்பட்டதாகவே நாம் நடந்துகொள்கிறோம். அந்த எழுத்தைக் கேட்டு யாரிடம் விண்ணப்பிப்பது என்பதும் தெரிவதில்லை. துறைத்தலைவர் முதல்வரைக் கைகாட்ட, முதல்வர் பல்கலைக்கழகத்தைக் கைகாட்ட, ஆசிரியர் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார். எடின்பரோவின் அந்த ஒற்றை வாக்கியம் சுமையை இடம் மாற்றி வைக்கிறது. வெளியிட விரும்பும் ஆசிரியர் எவர் அறைக்கு வெளியிலும் காத்திருக்க வேண்டியதில்லை. தடுக்க விரும்புகிறவர்தான் வாய் திறந்து காரணம் சொல்ல வேண்டும்.

இந்த வாக்கியத்துக்குச் சட்டத்திலும் ஒரு தேவை இருக்கிறது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பு இதில் அடங்குமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு; அந்த வாதத்துக்கு இடம் இருப்பதே தயக்கத்துக்குப் போதுமான காரணம். தனக்கு உரிமையில்லாத ஒன்றுக்கு எவரும் உரிமம் எழுத முடியாது. ஆகவே நிறுவனம் வெளிப்படையாக வழிவிடாத வரையில், ஆசிரியர் நல்லெண்ணத்தோடு போடும் கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் ஆயத்த உரிமம்) முத்திரைக்குச் சட்டப்படி வலு உண்டா என்பதே ஐயத்துக்குரியது. எடின்பரோவின் கொள்கை அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்து, பெயர் குறிப்பிட்டால் போதும் என்னும் சிசி பை உரிமத்தைப் பொதுவான தேர்வாகப் பரிந்துரைக்கிறது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் போன்ற மற்றவற்றையும் காரணம் இருந்தால் தேர்ந்துகொள்ளலாம். வெளியிடும் ஒவ்வொன்றிலும் உரிமையாளர், ஆக்கியோர் பெயர், நாள், உரிமம் ஆகியவை கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது அதன் கண்டிப்பான நிபந்தனை.

கொள்கையோடு நின்றிருந்தால் இதுவும் ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்திருக்கும். திறந்த கல்வி வளச் சேவை என்ற பெயரில், பல்கலைக்கழகத்தின் தகவல் சேவைத் துறைக்குள் ஒரு சிறு குழு அமர்த்தப்பட்டிருக்கிறது. பதிப்புரிமையையும் உரிமங்களையும் விளக்கும் பயிற்சி வகுப்புகளை அது நடத்துகிறது. திறந்த உரிமம் கொண்ட படங்களை எங்கே தேடுவது, எடுத்தாண்ட படத்துக்குக் கீழே தலைப்பு, ஆக்கியோர், மூலம், உரிமம் ஆகியவற்றை எப்படி எழுதுவது என்று துறை துறையாகக் கற்றுக்கொடுக்கிறது. அதன் வழிகாட்டிக் குறிப்புகள் திறந்த நிலையிலேயே இருப்பதால் நானும் அவற்றைப் பயன்படுத்தினேன். என்னுடைய பழைய பவர்பாயின்ட் கோப்பு ஒன்றை எடுத்து, அக்குறிப்புகளின்படி ஒவ்வொரு படத்துக்கும் மூலம் தேடினேன். கூகுளில் தேடி எடுத்த படங்களில் பலவற்றுக்கு மூலமே கிடைக்கவில்லை. அவற்றை நீக்கி, திறந்த உரிமப் படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸிலிருந்து அதே பொருளில் வேறு படங்களை இட்டேன். சில வரைபடங்களை நானே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் முடித்த பிறகு அந்தக் கோப்பை எவருக்கும் அச்சமின்றிக் கொடுக்க முடிந்தது.

இந்த அலுப்புக்கு அப்பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே இப்பணியை முன்னின்று வளர்த்த மெலிசா ஹைட்டன் இதைப் பதிப்புரிமைக் கடன் என்கிறார். பாடத்தை உருவாக்கும்போதே உரிமத்தைக் கவனிக்காமல் விட்டால், பின்னொரு நாள் அதைத் திருத்த ஆகும் உழைப்பும் செலவும் வட்டியும் முதலுமாக வந்து நிற்கும் என்பது அவர் வாதம். ஆசிரியர் சமுதாயத்துக்குச் செய்யும் தொண்டு என்று மட்டும் பேசினால் நிதி அலுவலர் காது கொடுக்கமாட்டார்; நிறுவனத்தின் நாளைய செலவைக் குறைக்கும் வழி என்று சொன்னால் கேட்பார். இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஒருவர் பணி ஓய்வு பெற்றபின் அவருடைய பாடக்கோப்பை அவருக்குப் பின் வந்தவர் பயன்படுத்தலாமா என்று தெரியாமல் துறையே திகைப்பதை நம்மில் பலரும் பார்த்திருப்போம்.

இந்தியச் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஆசிரியர்களிடையே இது பற்றித் தெளிவில்லை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் கல்விக்கான விதிவிலக்கைத் தாராளமாகவே விளக்கியது. கற்பித்தலின் ஊடாக, நம் மாணவர்க்காக நூற்பகுதிகளை நகலெடுத்துக் கொடுக்க அது வழிவிட்டது. ஆனால் அதே நூற்பகுதியும் அதே படமும் கொண்ட கோப்பை உலகமே எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் எழுதி வெளியிடுவது வேறு செயல். வகுப்பறைக்குள் பிழையில்லாதது பொதுவெளியில் பிழையாகலாம். இந்த வேறுபாட்டை ஆசிரியரின் அருகில் அமர்ந்து, அவருடைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எடின்பரோவில் அந்த ஆள் இருக்கிறார். நம் கல்லூரிகளில் அப்படி ஒரு பதவியே கிடையாது.

சேவையின் மிகச் சிறந்த அம்சம் மாணவர்களை ஈடுபடுத்தும் முறை. கோடை விடுமுறையில் ஊதியத்தோடு மாணவப் பயிற்சியாளர்களை அமர்த்துகிறார்கள். புவி அறிவியல் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாடப்பொருள் தயாரிக்கும் ஒரு பாடத்திட்டம் உண்டு. அப்படித் தயாரானவற்றை எடுத்துக்கொண்டு, படங்களின் உரிமத்தைச் சரிபார்த்து, ஸ்காட்லாந்துப் பள்ளிப் பாடத்திட்டத்தோடு பொருத்தி, ஆசிரியர்கள் தரவிறக்கிக்கொள்ளும் வடிவில் வெளியிடுவது இப்பயிற்சியாளர்களின் வேலை. தேர்வு முடிந்ததும் அலமாரிக்குள் அடைபட வேண்டிய செயல்திட்டம் எங்கோ ஒரு பள்ளி வகுப்பில் உயிர்பெறுகிறது. நம் இறுதியாண்டு மாணவர்கள் ஸ்பைரல் பைண்டிங் செய்து சமர்ப்பித்து, ஓராண்டுக்குள் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும் புராஜெக்ட் அறிக்கைகளை எண்ணினால் மனம் வேதனைப்படுகிறது.

பயிற்சியாளர்கள் உருவாக்கிய இன்னொரு பொருள், பல்கலைக்கழக நூலகத்தின் அரிய சேகரிப்புப் படங்களைக் கோட்டோவியமாக்கித் தொகுத்த வண்ணம் தீட்டும் புத்தகம். பெரியவர்கள் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நூலகத்தின் பழம்படங்கள் எவ்வுரிமத்தில் உள்ளன, அவற்றிலிருந்து புதிய ஒன்றை ஆக்கினால் மூலத்தை எப்படிக் குறிப்பிடுவது என்னும் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. உரிமம் பற்றிய உரையைக் கேட்டுக் கொட்டாவி விடும் ஆசிரியரின் கையில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால், திறந்த வளம் என்றால் என்ன என்பது சொல்லாமலே விளங்கும்.

பகிர்வது என்றால் கோப்பை எங்கோ ஏற்றிவைப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு எடின்பரோவே தரும் மிக நல்ல சான்று சூனியக்காரிகள் வரைபடம். ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை நடப்பிலிருந்த சூனியத் தடைச் சட்டங்களின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பற்றி, அப்பல்கலைக்கழக வரலாற்று ஆய்வாளர்கள் ஒரு பெரிய தரவுத்தளத்தைத் தொகுத்து 2003இல் வெளியிட்டார்கள். தரவு பல ஆண்டுகள் பொதுவில்தான் இருந்தது. ஆனால் அத்துறையினர் அல்லாதார் எளிதில் கையாளக்கூடிய வடிவில் இல்லை. 2016 முதல் அங்கே பணியாற்றும் விக்கிமீடியா வல்லுநரின் முயற்சியால் அத்தரவு, எவரும் எடுத்தாளக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவுக்குக் கொண்டுவரப்பட்டது; 2019 கோடையில் ஒரு மாணவப் பயிற்சியாளர், குற்றஞ்சாட்டப்பட்டோர் வாழ்ந்த ஊர்களைப் பழைய ஆவணங்களிலிருந்து தேடிக் கண்டு வரைபடத்தில் குறித்தார். அந்த வரைபடத்தைத் திறந்தால், கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஒரு புள்ளியை அழுத்தி, அங்கே வாழ்ந்த பெண்ணின் பெயரையும் அவர் மீதான வழக்கையும் படிக்க முடிகிறது. ஆய்வாளர்களின் கணினியில் வரிசை எண்களாகக் கிடந்தவர்கள் ஊரும் பேரும் உள்ள மனிதர்களாகிவிட்டார்கள். தரவைத் தொகுத்த பேராசிரியர்களுக்கு இதனால் குறைந்தது எதுவுமில்லை. அவர்களுடைய உழைப்பைப் புதிதாக ஓர் உலகமே அறிந்துகொண்டது. தயங்கும் ஆசிரியரிடம் நான் முதலில் காட்டுவது இந்த வரைபடத்தைத்தான்.

2020 ஏப்ரலில் கொரோனாப் பெருந்தொற்று முற்றியபோது, எடின்பரோவின் தீவிர சிகிச்சைக் கல்விக் குழுவினர் முன்களப் பணியாளர்களுக்கான பாடத்தை விரைந்து இணையத்தில் வெளியிட்டு, அதன் பொருள்களைத் திறந்த உரிமத்திலும் தந்தார்கள். உரிமம், பதிவேற்றும் தளம், உதவும் ஆட்கள் எல்லாம் முன்கூட்டியே இருந்ததால்தான் இது அத்தனை விரைவாக முடிந்தது. பல்கலைக்கழகத்தின் காணொளித் தளமான மீடியா ஹாப்பர் கிரியேட்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு காணொளிகளை வெளியிடும் வசதி இருப்பதும் இதற்கு உதவியது. அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் பதிவு செய்த பாடங்கள் ஏராளம். அவற்றில் மிக நல்லவை இருந்தன. நான் அறிந்த பெரும்பாலானவை அந்தந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவோடு மறைந்துபோயின.

இனிக் குறைகள். திறந்த வளங்களைச் சேர்த்துவைக்க ஒரே ஒரு களஞ்சியம் என்று இந்தச் சேவை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. காணொளிகள் ஓரிடம், படங்கள் ஓரிடம், பள்ளிப் பாடங்கள் ஓரிடம், விக்கித் திட்டங்கள் வேறிடம் என்று, பயன்படுத்துவோர் எங்கே கூடுகிறார்களோ அங்கேயே கொண்டுபோய் வைப்பது அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு. அதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டனில் 2009 முதல் 2012 வரை அரசு நிதியில் திறந்த கல்வி வளத் திட்டம் ஒன்று பெரிய அளவில் நடந்தது. நாடு முழுவதுக்குமாக ஜோரம் என்ற களஞ்சியமும் இருந்தது. 2016இல் அந்தக் களஞ்சியமே மூடப்பட்டது. களஞ்சியத்தைக் கட்டுவதை விட ஆசிரியரைப் பழக்குவதே நிலைக்கும் என்ற பாடத்தை எடின்பரோ கற்றுக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் வெளியிலிருந்து வருபவருக்கு இது துன்பமே. ஓப்பன் எட் என்னும் அவர்களுடைய காட்சித்தளம் சிறந்தவற்றை எடுத்துக் காட்டுகிறதே தவிர, என் பாடத்துக்கு இவர்களிடம் என்னவெல்லாம் உள்ளது என்று ஒரே தேடலில் அறிய முடியாது. இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது, பள்ளிப் பாடங்களை டெஸ் என்னும் தளத்தில் வைத்திருப்பது. பிரிட்டன் பள்ளி ஆசிரியர்கள் அங்கேதான் தேடுவார்கள் என்பது உண்மை. ஆனால் தரவிறக்க வேண்டுமானால் கணக்குத் தொடங்கி உள்நுழைய வேண்டும். உரிமம் திறந்திருந்தும் கதவில் பதிவேட்டை வைப்பது இச்சேவையின் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை. அதே கோப்புகள் உள்நுழைவு கேட்காத ஓரிடத்திலும் கிடைக்கும்படி செய்திருக்கலாம்.

நம் ஊரோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரையை முடிக்க முடியவில்லை. இந்தியாவில் திறந்த பாடங்களே இல்லை என்று சொல்வது அநியாயம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத்திட்டமான என்பிடிஇஎல், பொறியியல் படிக்கும் எத்தனையோ தமிழ் மாணவர்களைக் கரையேற்றியிருக்கிறது. சென்னை ஐஐடி அதன் முதன்மையான மையங்களில் ஒன்று. ஆனால் அங்கே கற்பிப்பவர்கள் பெரும்பாலும் அந்நிறுவனங்களின் பேராசிரியர்கள். கலைக் கல்லூரி ஆசிரியர் அங்கே பெரும்பாலும் பார்வையாளர் அல்லது தன் மாணவரை வழிநடத்தும் மென்டர். தம் வகுப்புக்காகத் தாமே எழுதிய தாவரவியல் செய்முறைக் குறிப்பையோ, முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்க்காகத் தமிழில் எளிமைப்படுத்திய புள்ளியியல் பயிற்சியையோ அவர் வெளியிட உதவும் அமைப்பு எதுவும் அவருடைய கல்லூரியில் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் பதவி உயர்வுக்கான மதிப்பெண் அட்டவணையில் மின்பாடங்களுக்கு இடம் தந்தது வரவேற்கத்தக்கது. நெறிமுறை கேட்கும் நான்கு பகுதிகளும் கொண்ட முழு மூக் பாடத்தை (எவரும் சேரக்கூடிய இணையப் பாடம்) உருவாக்கினால் 20 மதிப்பெண். முழுப் பாடத்துக்கான மின்உள்ளடக்கத்துக்கு 12. அதில் ஒரு அலகுக்கு 5. ஆசிரியர்கள் இதற்காக உழைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்த உழைப்பின் பயனைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தலாமா என்பதற்கு, அதாவது திறந்த உரிமத்தில் வெளியிட்டதற்கு, அட்டவணையில் தனி மதிப்பெண் இல்லை. கடவுச்சொல்லுக்குள் பூட்டிய பாடமும் ஊருக்கே கொடுத்த பாடமும் அங்கே ஒன்றுதான். உருவாக்குவதற்குப் பரிசு தரும் முறை, பகிர்வதற்கும் ஒரு சிறு பரிசைச் சேர்த்துக்கொண்டால் பெருஞ்செலவு எதுவும் ஆகிவிடாது.

ஆகவே இந்தச் சேவையை நம்மவர் எப்படிப் பயன்படுத்தலாம்? அதன் பாடங்களைத் தேடிப் போகும் மாணவர்க்கு என் பரிந்துரை மிதமானதே. அவர்கள் தேடுவது நேரடியாகக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. கல்லூரி முதல்வர்களுக்கும், உள்தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், நூலகர்களுக்கும் நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். முதலில் கொள்கை ஆவணத்தைப் படியுங்கள்; அதைத் தழுவி ஒன்றரைப் பக்கத்தில் தமிழில் எழுதி, அனுமதி பற்றிய அந்த வாக்கியத்தை விட்டுவிடாமல் சேர்த்து, 17ஆம் பிரிவைக் கருத்தில் கொண்டு உரிமை யாருக்கு என்பதையும் தெளிவாக்கி, ஆட்சிக் குழுவின் தீர்மானமாக நிறைவேற்றலாம். அரசுக் கல்லூரியானால் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் ஒப்புதல் தேவைப்படும். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு வழி இன்னும் எளிது. அடுத்து, நூலகரை இதற்குப் பொறுப்பாக்கி, வாரத்தில் ஒரு பிற்பகலை ஆசிரியர்களின் கோப்புகளைப் பார்த்துத் தருவதற்கென்று ஒதுக்குங்கள். பட உரிமம் தேடும் பணிக்குக் கோடை விடுமுறையில் இரண்டு முதுகலை மாணவர்களைச் சிறு ஊதியத்தில் அமர்த்தினால், முதலாண்டில் ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பாடக்குறிப்பாவது வெளிவந்துவிடும்.